வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடைக்கு சால்மன் திரும்பி வருமா?

கேள்வி: சியாட்டிலுக்குக் கிழக்கே, சம்மாமிஷில் குடியிருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் ஓடும் சிற்றோடை லேக் சம்மாமிஷில் போய்ச் சேர்கிறது. ஒரு காலத்தில் இதில் சிவப்பு மீன்கள் கூட்டமாக ஏறி வருமாம், பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்கிறார். சால்மன் குஞ்சுகளை வாங்கி ஓடையில் விடலாமா? வார இறுதியில் பிள்ளைகளோடு சேர்ந்து வேறு என்ன செய்யலாம்?

பதில்: எதைச் செய்தாலும் சரி, குஞ்சுகளை மட்டும் வாங்கி விட்டுவிடாதீர்கள். அனுமதியில்லாமல் மீனை ஓடையில் விடுவதற்கு வாஷிங்டன் மாநிலச் சட்டத்தில் இடமில்லை. சட்டம் இருக்கட்டும், மீனுக்கே அது கெடுதல்.

பெரியவர் பார்த்தது கோகனி. சாக்கை என்ற சால்மன் வகையில், கடலுக்கே போகாத மீன் அது. ஏரியிலேயே வளர்ந்து, முட்டையிடும் பருவத்தில் உடம்பெல்லாம் சிவந்து, தான் பொரிந்த ஓடையைத் தேடி ஏறும். லேக் சம்மாமிஷ் கோகனி இந்த ஏரிக்கே உரிய மண்ணின் மீன். எப்ரைட், லூயிஸ், லாஃபிங் ஜேக்கப்ஸ் போன்ற சின்ன ஓடைகள்தான் அதன் தாய்வீடு. இசக்குவா ஓடையில் இவற்றுக்கு முன்பே, கோடை முடிவில் ஏறி வந்த இன்னொரு கூட்டம் இருந்தது. அது அடியோடு அழிந்துவிட்டது. மிஞ்சியிருக்கும் கொஞ்சத்தோடு வெளி மீன் கலந்தால் நோயும் வரும், இனக்கலப்பும் வரும்.

சியாட்டிலின் கார்க்கீக் பூங்காவில், பைப்பர்ஸ் ஓடையில் தன்னார்வலர்கள் குஞ்சு விடுகிறார்களே என்று கேட்பீர்கள். உண்மைதான், இன்று ஒவ்வொரு நவம்பரிலும் அங்கே சம் என்ற வகை சால்மன் ஏறி வருவது அவர்கள் உழைப்பால்தான். ஆனால் அங்கே பழைய மீன் ஒன்றுகூட மிச்சமில்லாத நிலையில் தொடங்கினார்கள். உங்கள் ஏரியில் சொந்த மீன் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன் முட்டைகளையே எடுத்து, இசக்குவா மீன்குஞ்சுப் பொரிப்பகத்தில் வளர்த்து, அதே ஓடைகளில் விடும் வேலை 2009-இல் தொடங்கியது. மீன் விடுவதை அந்தப் பொரிப்பகத்தாரிடம் விட்டுவிடுங்கள். மீன் வந்தால் முட்டை பிழைக்கும்படி ஓடையை வைத்திருப்பது நம் வேலை.

முட்டை எப்படிப் பிழைக்கிறது என்று பார்ப்போம். பெண் மீன் வாலால் சரளையைத் தோண்டி, குழியில் முட்டையிட்டு மூடிவிடும். குளிர்காலம் முழுக்க அந்தக் கற்களின் இடுக்கில் ஓடும் நீர்தான் முட்டைக்கு ஆக்சிஜன் கொண்டு வருகிறது. வண்டல் படிந்து இடுக்கு அடைத்தால் முட்டை மூச்சுத்திணறிச் செத்துவிடும். கூரையும் சாலையும் நிலத்தை மூடிவிட்டதால், மண்ணில் இறங்க வேண்டிய மழை மொத்தமாக ஓடைக்கு வருகிறது. கரையை அரிக்கிறது, சரளையை முட்டையோடு அடித்துப் போகிறது. வேர் பிடித்த கரை வேண்டும் என்பது இதனால்தான்.

ஈரக் கரையில் வளரும் இந்த மண்ணின் செடிகளான சிட்கா வில்லோவையும் ரெட் ஓசியர் டாக்வுட்டையும் நடுவது மிகச் சுலபம். ஊரில் முருங்கைப் போத்து நட்டிருக்கிறீர்களா? அதே முறைதான். இலை உதிர்ந்த காலத்தில், நவம்பர் முதல் மார்ச்சுக்குள், கிளையை வெட்டி, மொட்டு மேல்நோக்கி இருக்கும்படி ஈரமான கரையில் பாதிக்கு மேல் புதையச் செருகுங்கள். சற்று மேட்டில் செஞ்செடார் மரக்கன்று வையுங்கள். நடுவதற்கு ஆள் வந்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் களை எடுக்கவும் தண்ணீர் ஊற்றவும்தான் யாரும் வருவதில்லை. இந்த ஊர்க் கோடை வறண்டது. முதல் மூன்று கோடையைத் தாண்டாத கன்று கரையைக் காக்காது. வருடத்துக்கு ஒருநாள் நூறு கன்று நடுவதைவிட, இருபது கன்றை மூன்று வருடம் பார்த்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

வெளியிலிருந்து வந்து பரவும் முட்புதரான ஹிமாலயன் பிளாக்பெர்ரியை வேர்க்கிழங்கோடு தோண்டி எடுங்கள். நாட்வீட் என்ற களை இருந்தால் மட்டும் கை வைக்காமல் உங்கள் மாவட்டமான கிங் கவுண்டியின் களைத் தடுப்புப் பிரிவுக்குத் தெரிவியுங்கள். அதன் சின்னத் துண்டு நீரில் போனால்கூட கீழே எங்காவது முளைத்துவிடும்.

அப்புறம், நம் ஊர்ப் பழக்கத்தில் ஓடையைத் தூர்வாரி, விழுந்த மரத்தை இழுத்துப்போட்டு, சுத்தமாக்கத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். விழுந்த மரம்தான் வெள்ளத்தின் வேகத்தைக் குறைக்கிறது, சரளையைப் பிடித்து வைக்கிறது, குஞ்சுக்கு ஒளிய இடம் தருகிறது. முன்பு அரசுத் துறைகளே இடைஞ்சல் என்று மரங்களை அகற்றின. இன்று பணம் செலவழித்து அவற்றைத் திரும்பப் போடுகிறார்கள். நீருக்குள் கல்லையோ கட்டையையோ நகர்த்த மாநில மீன்வளத் துறையின் அனுமதியும் வேண்டும்.

உங்கள் வாசலிலும் வேலை இருக்கிறது. டயரிலிருந்து தேய்ந்து வரும் 6பிபிடி-குவினோன் என்ற பொருள்தான் மழைக்குப் பின் கோஹோ என்ற வகை சால்மனைக் கொல்கிறது என்று 2020-இல் கண்டுபிடித்தார்கள். சியாட்டிலின் லாங்ஃபெல்லோ ஓடையில் வயிறு நிறைய முட்டையோடு செத்துக் கிடக்கும் பெண் மீன்களைத் தன்னார்வலர்கள் இன்றும் எண்ணிக் குறிக்கிறார்கள். அதைப் பார்ப்பது கஷ்டமாக இருக்கும். ஆறுதலான செய்தி, அதே சாலை நீரை மணலும் மக்கிய உரமும் கலந்த மண் வழியே வடித்தால் கோஹோ பிழைக்கிறது. எனவே கார் நிற்கும் இடத்து மழைநீரை, அப்படி மண் நிரப்பிச் செடி நட்ட பள்ளமான ஒரு மழைத்தோட்டத்துக்குத் திருப்புங்கள். காரை வீட்டு வாசலில் கழுவாதீர்கள். தெருவோர வடிகால் நீர் பெரும்பாலும் சுத்திகரிக்கப்படாமலே ஓடைக்குப் போகிறது.

குஞ்சு விடும் ஆசை பிள்ளைகளுக்கு இருக்கும். முறையான அனுமதியோடு, ஜனவரியில் சால்மன் முட்டை வாங்கி வகுப்பறைத் தொட்டியில் வளர்த்து, வசந்தத்தில் விடும் பள்ளிகள் இங்கே இருக்கின்றன. உங்கள் பள்ளி ஆசிரியரிடம் கேளுங்கள். நடுவதற்கும் களையெடுக்கவும் மிட் சவுண்ட் ஃபிஷரீஸ் என்ஹான்ஸ்மென்ட் குரூப் என்ற அமைப்பில் சேரலாம். ஃபிரெண்ட்ஸ் ஆஃப் தி இசக்குவா சால்மன் ஹேச்சரி என்ற அமைப்பு, பொரிப்பகத்துக்கு வருவோரை அழைத்துப்போய் விளக்கும் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தருகிறது.

நவம்பரிலிருந்து ஜனவரி வரை கரையில் நின்று பாருங்கள், ஓடைக்குள் இறங்காதீர்கள். படுகையில் ஒரு இடம் மட்டும் கழுவிவிட்டதுபோல வெளிறித் தெரிந்தால் அது முட்டைக்குழியாக இருக்கும். செத்த மீனை எடுத்து வீசாதீர்கள், அது ஓடைக்கு உரம். நாய் வளர்த்தால் அதைக் கயிற்றிலேயே பிடித்திருங்கள். பச்சை சால்மனைத் தின்ற நாய்க்கு, அதிலிருக்கும் ஒட்டுண்ணி வழியாக உயிரைப் பறிக்கும் நோய் வரலாம். தின்றுவிட்டது என்று தெரிந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.