கன்ட்ரோல் + எஸ் அழுத்தியும் சேமிக்கவில்லையே, ஏன்?

கேள்வி: உலாவியில் இயங்கும் ஒரு குறிப்பேட்டுச் செயலி எழுதியிருக்கிறேன். ஆங்கில விசைப்பலகையில் கன்ட்ரோல் + எஸ், கன்ட்ரோல் + கே எல்லாம் ஒழுங்காக வேலை செய்கின்றன. தமிழ்99-க்கு மாற்றிக்கொண்டால் ஒன்றும் நடப்பதில்லை. மொழிக்கு மொழி தனிக் குறுக்குவிசைப் பட்டியல் போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். அதை ஆரம்பித்தால் முடிவே இருக்காது. தமிழுக்கே தமிழ்99, இன்ஸ்கிரிப்ட் என்று ஒன்றுக்கு மேற்பட்ட விசைப்பலகை அமைப்புகள் இருக்கின்றன.

விசையை அழுத்தியதும் உலாவி உங்கள் நிரலுக்கு ஒரு நிகழ்வை அனுப்பும்; அதில் எழுத்தைச் சொல்லும் ‘ஈவென்ட்.கீ’யின் மதிப்பு எஸ்-ஆ என்று ஒப்பிட்டிருப்பீர்கள். தமிழ்99-இல் எஸ் விசையில் இருப்பது ‘இ’, கே விசையில் ‘ம’. கன்ட்ரோலைச் சேர்த்து அழுத்தினாலும் உலாவி ‘இ’ என்றே சொல்லும். நிரல் எஸ் வரும் என்று காத்துக்கொண்டே இருக்கும். மேக்கில் கமாண்ட் விசையை அழுத்தும்போது பல அமைப்புகள் தாமாகவே லத்தீன் எழுத்துக்குத் திரும்பிவிடும். மேக்கில் மட்டும் சோதிப்பவர்கள் கண்ணில் இந்தக் கோளாறு படாமல் போவது அதனால்தான்.

அதே நிகழ்வில் ‘ஈவென்ட்.கோட்’ என்று இன்னொன்றும் வருகிறது. அது எழுத்தைச் சொல்லாது, விசை இருக்கும் இடத்தைச் சொல்லும். எந்த மொழியில் இருந்தாலும் எஸ் விசைக்கு அதன் மதிப்பு ‘கீஎஸ்’தான். சரி, எல்லாவற்றையும் இதற்கு மாற்றிவிடலாமே என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். அந்த இடப்பெயர்கள் அமெரிக்க விசைப்பலகையை வைத்துச் சூட்டியவை. ஜெர்மன் பலகையில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும். அங்கே ஒருவர் செய்ததை நீக்கக் கன்ட்ரோல் + இசட் அழுத்தினால் உங்களுக்கு ‘கீஒய்’ என்று வரும்; நீக்கியதையே திரும்பச் செய்துவைப்பீர்கள். தமிழருக்கு உதவப் போய் ஜெர்மானியரிடம் திட்டு வாங்குவானேன்?

நான் செய்வது இது: முதலில் ‘கீ’யைப் பார்ப்பேன். அது ஆஸ்கி குறிகளில் (ஆங்கில எழுத்துகள், எண்கள், காற்புள்ளி போன்ற அடிப்படைக் குறியீடுகள்) ஒன்று என்றால் அதையே நம்புவேன். அதற்கு வெளியே இருந்து, கூடவே ‘கோட்’டின் மதிப்பு ‘கீஎஸ்’ போல ‘கீ’ என்ற முன்னொட்டுடன் தொடங்கினால், அந்த முன்னொட்டை வெட்டிவிட்டு மிச்ச எழுத்தை எடுத்துக்கொள்வேன். ஏ முதல் இசட் வரை மட்டும் நம்பினால் போதாதா என்றால், போதாது. பிரெஞ்சு அசர்ட்டி பலகையில் எம் இருக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளி இருக்கிறது. அப்போது கன்ட்ரோல் + காற்புள்ளி அழுத்தியவருக்குக் கன்ட்ரோல் + எம்-இன் வேலை நடந்துவிடும். அப்புறம், ஒப்பிடுவதற்கு முன் சிறிய எழுத்தாக மாற்றிக்கொள்ளுங்கள். கேப்ஸ் லாக் போட்டிருந்தால் பெரிய எஸ் வரும்.

ஒலிபெயர்ப்பு முறையில், அதாவது ஆங்கில எழுத்துகளை அடித்துத் தமிழைப் பெறும் முறையில், தட்டச்சுபவர்களுக்குப் பெரும்பாலும் இந்தப் பிரச்சினையே வராது, அடியில் இருப்பது ஆங்கிலப் பலகைதான். ஆனால் எழுத்து கூடிக்கொண்டிருக்கும் நேரத்தில் குறுக்கே புகுந்துவிடாதீர்கள். நிகழ்வில் ‘இஸ்கம்போசிங்’ உண்மை என்றாலோ, பழைய ‘கீகோட்’ 229 என்றாலோ எழுத்து இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்; பேசாமல் விலகிவிடுங்கள்.

குறியீடுகள்தான் தலைவலி. கன்ட்ரோலுடன் சாய்கோடு வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். தமிழ்99-இல் அந்த இடத்தில் ‘ழ’, ஜெர்மனில் சாய்கோட்டுக்கு ஷிஃப்ட் + 7. இதற்கு ஒரே விடை இல்லை. பயனர் தாமே மாற்றிக்கொள்ள அமைப்புகளில் ஓர் இடம் கொடுங்கள். கன்ட்ரோல் + ஆல்ட் கூட்டணியைத் தொடவே வேண்டாம். விண்டோஸில் ஆல்ட்ஜிஆர் விசை (பல பலகைகளில் வலப்பக்க ஆல்ட்) அந்த இரண்டாகத்தான் போய்ச் சேரும். போலந்து மொழியில் சில எழுத்துகளை எழுதுவதே அதை வைத்துத்தான்.

சோதிக்கும்போது தமிழ்99, ரஷ்யன், ஜெர்மன், அசர்ட்டி நான்கையும் கணினியில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் சேமித்தல், செய்ததை நீக்கல், திரும்பச் செய்தல், காற்புள்ளி ஆகிய நான்கை மட்டும் அழுத்திப் பாருங்கள். பத்து நிமிட வேலை.