வேர் சிகிச்சை தோற்ற பல்: பிடுங்குவதா, மறுபடி செய்வதா?

கேள்வி: வலது கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு நாலு வருஷம் முன்பு ரூட் கேனால் செய்து கேப் போட்டேன். இப்போது அதன் அருகே ஈறில் பரு போல வந்து சீழ் கசிகிறது. மாத்திரை சாப்பிட்டால் அடங்கி மறுபடி வருகிறது. ஒரு டாக்டர், பிடுங்கிவிட்டு இம்ப்ளான்ட் வைக்கலாம் என்கிறார். இன்னொருவர் ரூட் கேனாலையே திரும்பச் செய்யலாம் என்கிறார். யாரை நம்புவது?
- வாசகர், குடியாத்தம்

பதில்: முதலில் மாத்திரையை நம்புவதை விடுங்கள். வேருக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. ஆன்டிபயாட்டிக் அங்கே போய்ச் சேராது. வீக்கம் வடியும், கிருமி இருந்த இடத்திலேயே இருக்கும்.

இரண்டு டாக்டர்களிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "முதல் சிகிச்சை ஏன் தோற்றது?" காரணம் சொல்லாமல் பிடுங்கச் சொல்பவரிடம் அவசரப்பட வேண்டாம். கீழ் முதல் கடைவாய்ப்பல்லின் வேர்களுக்குள் பெரும்பாலும் மூன்று மெல்லிய குழாய்கள், அதாவது கால்வாய்கள், இருக்கும். சிலருக்குப் பின்வேரில் நாலாவதும் உண்டு. அது விட்டுப்போயிருக்கலாம். கால்வாயை நிரப்பிய அடைப்பு வேர் நுனிவரை போகாமல் நின்றிருக்கலாம். தற்காலிக அடைப்போடு மாதக்கணக்கில் விட்டுப் பிறகு கேப் போட்டிருந்தால், எச்சில் கசிந்தே உள்ளே கெட்டிருக்கும். இந்த மூன்றையும் திரும்பச் செய்து பெரும்பாலும் சரிப்படுத்தலாம்.

சரிப்படுத்த முடியாதது, வேர் நெடுக்காக விரிசல் விட்டிருப்பது. ஈறை அளக்கும் மெல்லிய கம்பி மற்ற இடங்களில் இரண்டு மூன்று மில்லிமீட்டரோடு நின்று, ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஆழமாக இறங்கினால் விரிசலைச் சந்தேகிக்க வேண்டும். பருவின் துளை வழியே மெல்லிய கட்டாபெர்ச்சா (கால்வாயை அடைக்கும் ரப்பர் போன்ற பொருள்) குச்சியை நுழைத்து எக்ஸ்ரே எடுத்தால், சீழ் எந்த வேரிலிருந்து வருகிறது என்று காட்டிவிடும். சந்தேகம் தீராவிட்டால் அந்தப் பல்லுக்கு மட்டும் சி.பி.சி.டி. என்ற முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன். கேப்பை எடுத்த பிறகு ஈறுக்கு மேல் சுற்றிலும் சுமார் 2 மில்லிமீட்டர் நல்ல பல் மிஞ்சுமா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். மிஞ்சாவிட்டால் புது கேப் நிற்காது. அப்போது பிடுங்கச் சொல்வதும் நியாயம்தான்.

திரும்பச் செய்வது சுருக்கமான வேலை இல்லை. கேப்பை எடுத்து அல்லது துளைத்து, எச்சில் படாமல் பல்லைத் தனியாக்கும் ரப்பர் டேம் விரிப்பைக் கட்டி, பழைய அடைப்பைச் சூட்டாலும் கரைப்பானாலும் ஃபைல் என்ற மெல்லிய ஊசி போன்ற கருவியாலும் எடுக்க வேண்டும். கிருமியைக் கொல்லும் ஹைப்போகுளோரைட்டால் கழுவி, 17 சதவீத ஈ.டி.டி.ஏ. என்ற சுத்தம் செய்யும் திரவத்தை விட்டு, கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தை ஒன்றிரண்டு வாரம் வைத்துப் பிறகு அடைப்பார்கள். ரப்பர் டேம் போடுவீர்களா, மைக்ரோஸ்கோப் இருக்கிறதா என்று கேட்கத் தயங்காதீர்கள். இதற்கென்றே படித்தவர் எண்டோடான்டிஸ்ட். அவரிடம் போவது நல்லது. வேலூர் வந்தால் சி.எம்.சி. பல் மருத்துவப் பிரிவிலோ அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இன்னொரு கருத்தும் கேட்கலாம். பழைய எக்ஸ்ரேயைக் கையோடு கொண்டுபோங்கள்.

சீழ் பிடித்த வேர் நுனியைச் சுற்றி எக்ஸ்ரேயில் தெரியும் கறுப்பு நிழல் ஒரு மாதத்தில் மறையாது. ஆறு மாதத்திலும் ஒரு வருஷத்திலும் படம் எடுத்து, சுருங்குகிறதா என்று பாருங்கள். பருவே திரும்ப வந்தால், வேர்நுனியை அறுத்து அடைக்கும் சிறு அறுவைச் சிகிச்சை அடுத்த வழி.

செலவை ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் முழுக் கணக்கு வேண்டும். விளம்பரத்தில் வரும் இம்ப்ளான்ட் விலை பல சமயம் எலும்பில் வைக்கும் திருகுக்கு மட்டும். திருகையும் கேப்பையும் இணைக்கும் அபட்மென்ட், கேப், தேவைப்பட்டால் எலும்பு நிரப்புதல் எல்லாம் தனி. எலும்போடு ஒட்ட மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் அது தோற்கும் வாய்ப்பு கூடும். இன்று பிடுங்கினால் பல் போனது போனதுதான். திரும்பச் செய்து தோற்றாலும் இம்ப்ளான்ட் வழி பெரும்பாலும் திறந்தே இருக்கும்.

கேள்வி: கேப்புக்கு 10 வருஷ வாரன்டி கார்டு தந்தார்கள். பல்லே கெட்டால் பணம் கிடைக்குமா?
- வாசகர், ராணிப்பேட்டை

பதில்: கார்டைப் படியுங்கள். பொதுவாக அது கேப் உடைவதற்குத்தான், உள்ளே இருக்கும் பல்லுக்கு அல்ல. திரும்பச் செய்கையில் துளைத்த கேப்புக்கும் பொருந்தாமல் போகலாம். சிகிச்சை பலிக்கவில்லை என்பது மட்டுமே கவனக்குறைவு ஆகாது. ஆனால் கால்வாய் விட்டுப்போனதையோ உள்ளே உடைந்த ஃபைலையோ மறைத்திருந்தால் கேட்க இடமுண்டு. பல் எண் குறித்த பில் (வலது கீழ் முதல் கடைவாய் 46), முன்பின் எக்ஸ்ரே, ஒப்புதல் படிவத்தின் நகல் மூன்றையும் வாங்கி வையுங்கள். வழக்குக்கான காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தர வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் கேட்டுப் பார்க்கலாம்.