சான்சிபாரில் பகற்பயணங்கள்: வாசகர் கேள்வி – பதில்

இந்து சமுத்திரத்தின் மறுகரையில் தான்சானியாவுக்கு உரிய சான்சிபார் தீவுக்கு ஆகஸ்ட் விடுமுறையில் செல்லவிருப்பதாகக் கொழும்பு வாசகர்கள் சிலர் எழுதியுள்ளனர். காலையில் வழிகாட்டியுடன் புறப்பட்டு மாலையில் திரும்பும் பயணங்களைப் பற்றியே அவர்களுள் பலர் கேட்டிருக்கின்றனர். அக்கேள்விகளுள் ஐந்தினை இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்களிடம் நான்கு நாட்களே உள்ளன. வாசனைத் திரவியத் தோட்டத்துக்குக் கட்டாயம் செல்ல வேண்டும் என்கிறார்கள். மாத்தளையில் பிறந்து வளர்ந்த எனக்குக் கராம்பும் கறுவாவும் புதியவை அல்ல. அதற்கு அரைநாளைச் செலவிடுவது வீண் அல்லவா?
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: செடிகளைப் பார்ப்பதற்கு மட்டும் என்றால் வீண்தான். கிசிம்பானியிலோ கிடிச்சியிலோ உள்ள தோட்டத்தில் வழிகாட்டி ஓர் இலையைக் கசக்கி மூக்கருகே நீட்டி, இது என்னவென்று கேட்கும்போது, மற்றவர்கள் யோசித்து முடிப்பதற்குள் நீங்கள் விடை சொல்லிவிடுவீர்கள். ஆயினும் அப்பயணத்தைக் கைவிட வேண்டாம். அதனை இரண்டாம் நாளுக்குத் தள்ளிவையுங்கள்.

முதல் நாள் காலையில், சான்சிபார் நகரின் பழைய பகுதியான ஸ்டோன் டவுனில், ம்குனாசினியிலுள்ள அங்கிலிக்கன் பேராலயத்துக்குச் செல்லுங்கள். 1873இல் மூடப்படும்வரை ஆபிரிக்கப் பெருநிலத்திலிருந்து பிடித்துவரப்பட்ட மனிதர்களை விலைபேசி விற்ற சந்தை இருந்த இடத்திலேயே அவ்வாலயம் எழுப்பப்பட்டது. அவர்களைக் கட்டிவைத்துக் கசையால் அடித்த இடத்தை, பலிபீடத்தின் அருகே தரையில் பதித்துள்ள வட்டமான வெண்பளிங்கும் அதனைச் சூழ்ந்த சிவப்புக் கல்லும் குறிக்கின்றன. வெளியே முற்றத்தில் ஒரு குழிக்குள், கழுத்தில் உண்மையான இரும்புச் சங்கிலி பூண்ட கற்சிலைகள் நிற்கின்றன. அங்கே வழிகாட்டியை அவசரப்படுத்தாதீர்கள்.

மறுநாள் தோட்டத்துக்குச் செல்லும்போது கராம்பு வேறொரு பொருளாகத் தெரியும். அது அத்தீவுக்குரிய மரம் அன்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டது. ஓமானின் சுல்தான் செய்யித் சயீத் தம் அரசிருக்கையை மஸ்கட்டிலிருந்து சான்சிபாருக்கு மாற்றிக்கொண்ட காலத்தில் அம்மரங்கள் பெருந்தோட்டங்களாகப் பெருகின; அத்தோட்டங்களில் உழைத்தவர்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள். நான் இரண்டாம் முறை சென்றபோது, வழிகாட்டி ஒரு கொத்துக் கராம்பைப் பறித்து என் உள்ளங்கையில் வைத்தார். பச்சைக் காம்பின் நுனியில் இளஞ்சிவப்பு ஏறிய, இன்னும் விரியாத மொட்டுகள். விரிந்துவிட்டால் அது கராம்பு ஆகாது. ஆகையால் ஒவ்வொரு கொத்தையும் பருவம் பார்த்துக் கையாலேயே பறிக்க வேண்டும் என்றார். முந்திய நாள் கண்ட சங்கிலியை அப்போது என்னால் நினையாதிருக்க இயலவில்லை. மலையக மக்கள் தோட்டங்களில் உழைக்க இலங்கைக்கு வந்த 200 ஆண்டுகளை 2023இல் நினைவுகூர்ந்த நாம், ஒரு தோட்டத்தின் அழகுக்கு அடியில் யாருடைய உழைப்பு கிடக்கிறது என்று கேட்கத் தெரியாதவர்கள் அல்லர். இரண்டு வரலாறுகளும் ஒன்றல்ல. ஆனால் அந்தக் கேள்வி ஒன்றுதான்.

எனவே முன்பதிவு செய்யும்போதே, செடிகளோடு தோட்டத்தின் வரலாற்றையும் சொல்லக்கூடிய வழிகாட்டி வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். உரிமம் பெற்ற வழிகாட்டியிடம் அடையாள அட்டை இருக்கும். உரிமமின்றித் தெருவில் பின்தொடரும் தரகர்களை அவ்வூரார் ‘பாபாசி’, அதாவது உண்ணிகள், என்றே அழைக்கின்றனர்.

கேள்வி: என் தாயாருக்கு எழுபது வயது, முழங்கால் வலி உண்டு. ஸ்டோன் டவுனை நடந்துதான் பார்க்க வேண்டும் என்கிறார்களே, அவரால் இயலுமா?
– வெள்ளவத்தை வாசகி

பதில்: இயலும், அம்மா. ஆனால் வெயில் ஏறுமுன் புறப்பட வேண்டும். 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த அந்நகரின் உட்சந்துகளில் பல, கார் நுழைய இயலாத அளவுக்கு ஒடுங்கியவை. எனினும் வீடுகளின் வெளிச்சுவரை ஒட்டிக் கல்லாலான இருக்கைகள் கட்டப்பட்டிருக்கும். அவ்வூர் மொழியான சுவாஹிலியில் அவற்றுக்கு ‘பராசா’ என்று பெயர். யாழ்ப்பாணத்து வீட்டுத் திண்ணையைக் கண்டவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. ஊர்ப் பெரியவர்கள் அமர்ந்து கோப்பி குடித்துக் கதைப்பதும் அங்கேதான். தாயார் வணக்கம் சொல்லி அமர்ந்தால் எவரும் எழுப்பமாட்டார்கள்.

அமர்ந்தபடியே எதிர்வீட்டுக் கதவைப் பார்க்கச் சொல்லுங்கள். மேற்புறம் வளைவாக இருப்பின் இந்திய வணிகர் மரபு. நேர்ச்சட்டமாக இருந்து வாசகம் செதுக்கியிருப்பின் அரபு மரபு என்று பொதுவாகச் சொல்லலாம். பித்தளைக் குமிழ்கள் இந்தியாவிலிருந்து சென்ற வழக்கம். 1883இல் சுல்தான் பர்காஷ் கட்டிய ‘அதிசய மாளிகை’யின் ஒரு பகுதி 2020 டிசம்பரில் இடிந்து விழுந்தது, அதனைக் காண்பதையே பயணத்தின் நோக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர் என்பதால், தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்துவது மரியாதை.

கேள்வி: கிசிம்காசியில் டொல்பின்களோடு நீந்தும் பயணத்துக்குப் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். அழைத்துச் செல்லலாமா?
– தெஹிவளை வாசகர்

பதில்: வேண்டாம் என்றே சொல்வேன். நான் ஒருமுறை அப்படகில் ஏறினேன். ஒரு முதுகுத் துடுப்பு தெரிந்த கணத்தில் சுற்றிலும் நின்ற படகுகள் யாவும் இயந்திரத்தை முடுக்கி அதனை நோக்கி விரைந்தன, டொல்பின் மூழ்கியது, பின்னர் அது எழுந்த இடத்துக்கு மீண்டும் விரைந்தன. ஒரு மணித்தியாலம் இதுவே நடந்தது. மிரிஸ்ஸவிலும் கற்பிட்டியிலும் படகுகள் நெருக்குவதைப் பார்த்து வருந்தியிருக்கிறோம். அதே குற்றத்தை அயல்நாட்டில் காசு கொடுத்துச் செய்ய வேண்டியதில்லை.

பிள்ளைகளை யோசானிக் காட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். இத்தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத சான்சிபார் சிவப்புக் கொலபஸ் குரங்குகள் அங்கே தலைக்கு மேலேயே தாவும். சில இளந்தளிர்களிலுள்ள நச்சுத்தன்மையைத் தணிக்க அவை மரக்கரியை எடுத்துத் தின்பதுண்டு என்பதைப் பிள்ளைகள் வாய்பிளந்து கேட்பார்கள். உணவு கொடுக்காமல், எட்ட நின்று பார்க்க வேண்டும். கிசிம்காசிக்குச் செல்லத்தான் வேண்டும் என்றால், ஹிஜ்ரி 500, அதாவது கி.பி. 1107 எனப் பொறிக்கப்பட்ட, கூஃபி என்னும் பழைய அரபு எழுத்துக் கல்வெட்டு உள்ள பள்ளிவாசலைப் பாருங்கள்.

கேள்வி: மணற்திட்டுக்குப் பாய்மரப் படகில் செல்லும் பயணத்தை எந்த நாளில் வைத்துக்கொள்வது? புறப்படும் நேரத்தை நாமே தீர்மானிக்கலாமா?
– பம்பலப்பிட்டி வாசகர்

பதில்: கடல்தான் தீர்மானிக்கும். கொழும்பில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீற்றர்கூட இல்லை. சான்சிபாரிலோ பூரணை, அமாவாசை நாட்களை ஒட்டி அது நான்கு மீற்றர் அளவுக்குச் செல்லும். கிழக்குக் கரையில் காலையில் நீந்திய இடத்தில் பிற்பகலில் பெண்கள் கடற்பாசி பறித்துக்கொண்டிருப்பார்கள். நம்மவர்கள் பூரணை விடுமுறையைச் சேர்த்தே பயணம் போடுவதால் இதனைக் கவனிக்க வேண்டும். விடுதியில் வற்றுப்பெருக்கு அட்டவணையைக் கேட்டுப் பார்த்த பின்னரே நாளைக் குறியுங்கள். ஆகஸ்டில் வீசுவது ‘குசி’ என்னும் தென்காற்று. நம் சோளகத்தின் உடன்பிறப்பு. நம் வாடைக்கு அங்கே ‘கஸ்காசி’ என்று பெயர். அவ்விரு காற்றுகளையும் நம்பித்தான் பாய்மரக் கப்பல்கள் நூற்றாண்டுக் கணக்கில் இக்கடலைக் கடந்தன.

நேரத்தைப் பற்றி இன்னொன்று. சுவாஹிலி மக்கள் மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிறார்கள். நமது பஞ்சாங்கத்தின் உதயாதி நாழிகையைப் போன்றதே இது. ‘சா தாத்து’, அதாவது மூன்று மணி, என்றால் நமக்குக் காலை ஒன்பது. சாரதி ஒருவர் மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னதை நம்பி நான் பிற்பகல்வரை காத்திருந்தேன். அவர் காலையிலேயே வந்து, காத்திருந்து, திரும்பிவிட்டிருந்தார். எனவே நேரத்தைப் பேசும்போது கடிகாரத்தைக் காட்டி உறுதிப்படுத்துங்கள்.

கேள்வி: வெள்ளிக்கிழமையில் சைவ உணவு கிடைக்குமா?
– மட்டக்குளி வாசகி

பதில்: கிடைக்கும். தேங்காய்ப்பாலில் சமைத்த கீரைக்கு ‘ம்சிச்சா வா நாசி’ என்றும், தேங்காய்ப்பாலில் வேகவைத்த அவரை விதைகளுக்கு ‘மஹாராகே யா நாசி’ என்றும் பெயர். சப்பாத்தியை அவர்களும் ‘சபாத்தி’ என்றே சொல்வார்கள். படகுப் பயணத்தில் பகல் உணவு பெரும்பாலும் சுட்ட மீனாகவே இருக்கும் என்பதால், முதல் நாளே ‘சிலி நியாமா வாலா சமாக்கி’ என்று சொல்லிவையுங்கள். இறைச்சியும் உண்பதில்லை, மீனும் உண்பதில்லை என்பது அதன் பொருள்.