கழற்றும்போது வெடித்த டோர் பேட்: ஒர்க்‌ஷாப் பொறுப்பா?

கேள்வி: கோபியில் இருக்கிறேன். ஒன்பது வருடம் ஓடிய என் காரில் டிரைவர் பக்கக் கண்ணாடி ஏறவில்லை என்று கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். கண்ணாடி சரியாகிவிட்டது. ஆனால் கதவின் உள்பக்க டோர் பேட், கைப்பிடியிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு வெடித்திருக்கிறது. கேட்டால், "பழைய பிளாஸ்டிக்குங்க, முன்னாலயே வெடிச்சிருந்துது" என்கிறார்கள். 4,200 ரூபாய் பில்லைக் கட்டாமல் வண்டியைத் தர மாட்டார்களாம். பில்லின் பின்னால் "சேதத்துக்குப் பொறுப்பல்ல" என்றும் அச்சடித்திருக்கிறது. எனக்கு வழி உண்டா?

பதில்: உண்டு. முதல் வேலையாக, அந்த விரிசலில் பசை எதையும் வைக்க விடாதீர்கள். உங்களுக்குச் சாட்சியே அதுதான்.

டார்ச் அடித்துக் கிட்டத்தில் பாருங்கள். எப்போதோ வெடித்தது என்றால் பிளவுக்குள் தூசியும் அழுக்கும் அப்பியிருக்கும். புதிதாக உடைந்தது சுத்தமாக இருக்கும். ஓரத்தில் பெரும்பாலும் வெளிறிய கோடு ஓடும். பல கார்களில் கைப்பிடிக் குழிக்குள் ஒரு சின்ன மூடிக்கு அடியில் ஸ்குரூ ஒளிந்திருக்கும். அதைக் கழற்றாமல் பேடைப் பிடித்து இழுத்தால் அந்த இடத்தில்தான் வெடிக்கும். உங்கள் விரிசலும் கைப்பிடியில் தொடங்குகிறது என்பதைக் கவனித்தேன். எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள்.

சரி, சட்டத்துக்கு வருவோம். பழுது பார்க்க வாங்கிய வண்டியைச் சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைப் பார்த்துக்கொள்வதைப் போலக் கவனிக்க வேண்டும் என்கிறது 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151-வது பிரிவு. டெல்லியில் ஓட்டல் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்திய கார் திருடுபோன வழக்கில், 2019-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: கவனமாக இருந்தேன் என்று காட்ட வேண்டியது பொருளை வாங்கி வைத்தவர்தான், சொந்தக்காரர் பொறுப்பு என்று அச்சடித்துவிட்டுத் தன் அலட்சியத்திலிருந்து அவர் தப்ப முடியாது. அந்த நியாயம் உங்கள் பில்லுக்கும் பொருந்தும் என்பது என் கருத்து.

வண்டியைப் பிடித்து வைத்திருப்பதில் மட்டும் அவர்கள் பக்கம் சட்டம் இருக்கிறது. செய்த வேலைக்கான கூலி வரும்வரை வைத்துக்கொள்ள 170-வது பிரிவு இடம் தருகிறது. ஆகவே மல்லுக்கு நிற்காமல், பில்லிலேயே "டோர் பேட் சேதத்துக்கு ஆட்சேபம் தெரிவித்துச் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கட்டிவிட்டு வண்டியை எடுங்கள்.

பிறகு ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ். எடுத்ததுமே புது பேட் கேட்க வேண்டும் என்றில்லை. பேடின் பின்னால் பிளாஸ்டிக் வகை அச்சாகியிருக்கும். ஏபிஎஸ் (ABS) என்றிருந்தால் பின்பக்கமிருந்து ஒட்டிச் சரிசெய்வது சுலபம். பிபி (PP) என்றிருந்தால் சாதாரணப் பசை பிடிக்காது, பிளாஸ்டிக் வெல்டிங்தான். முகப்பில் தழும்பு தெரியும் என்றால் மாற்றித்தரக் கேளுங்கள். ஒன்பது வருடப் பாகத்துக்கு முழு விலை கிடைப்பது கடினம் என்பதையும் மனதில் வையுங்கள்.

மசியவில்லையா? 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் ஈரோடு மாவட்ட ஆணையத்திலேயே மனு போடலாம். கோவைக்கு அலைய வேண்டாம். இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. கெடு 2 வருடம். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசிப் பாருங்கள், சில ஒர்க்‌ஷாப்கள் அதிலேயே இறங்கி வருவார்கள்.

வண்டி எடுக்கப் போகும்போது, விட்ட அன்று அவர்கள் எழுதிய ஜாப் கார்டின் நகலையும் கேட்டு வாங்கிவிடுங்கள். ஏற்கெனவே இருக்கும் கீறல், நசுங்கலை எல்லாம் அதில்தான் குறிப்பார்கள். டோர் பேட் வெடிப்பு அதில் இல்லையென்றால், "முன்னாலயே இருந்துது" என்ற பேச்சு நிற்காது.