மூன்றே பேர் வசித்த கலிச்னிக்கில் பார்க்க என்னதான் இருக்கிறது?

வடக்கு மாசிடோனியாவின் கலிச்னிக்கில் 2002 கணக்கெடுப்பின்படி 3 பேர்தான் இருந்தார்களாமே, அங்கே போவது வீண்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். அருகிலுள்ள மவ்ரோவோ ஏரியைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடும் எண்ணம் உங்களுக்கு இருக்கும் என ஊகிக்கிறேன். தலைநகர் ஸ்கோப்யேயில் வேலை பார்த்த நாட்களில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பிஸ்ட்ரா மலைச்சரிவில், ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில், படிக்கட்டுபோலக் கல்வீடுகள் ஏறிச்செல்லும் ஊர் அது. அங்கு வாழ்ந்த மியாக் என்னும் மலைவாழ் குழுவினருக்கு ஆட்டுமந்தைதான் சொத்தாக இருந்தது. கோடையில் மலையில் மேய்ந்த மந்தைகள் குளிர்காலத்தில் தெற்கே, இன்று கிரேக்கத்தில் உள்ள தெசலோனிக்கிச் சமவெளிக்கு இறங்கும். 1912-13 பால்கன் போர்களுக்குப் பிறகு நடுவே நாட்டெல்லை விழுந்து அந்த வழி அடைபட்டது, ஊர் காலியானதற்கு ஒரு பெரிய காரணம். ஆண்கள் வெளியூர் போய்ப் பிழைக்கும் 'பெச்சல்பா' வழக்கமோ அதற்கும் முந்தையது. இவ்வூர் மகாரியே ஃபிர்ச்கோவ்ஸ்கி அப்படிப் போன மரச்சிற்பிகளில் ஒருவர். ஸ்கோப்யேயின் ஸ்வேதி ஸ்பாஸ் தேவாலயத்தில் பீடத்தை மறைத்து நிற்கும் மரத்திரையில் அவரும் கூட்டாளிகளும் தங்கள் உருவங்களையே செதுக்கி வைத்திருப்பதை நெடுநேரம் நின்று பார்த்திருக்கிறேன். 1875-இல் மும்மொழி அகராதி வெளியிட்ட கியோர்கி புலெவ்ஸ்கியும் இவ்வூரில் பிறந்தவரே. (அவர் மாசிடோனியரா, பல்கேரியரா என்று என்னிடம் வழக்குக்கு வர வேண்டாம், பிறந்த ஊரை மட்டுமே சொல்கிறேன்.)

முதல்முறை மார்ச்சில் கிளம்பினேன். பாதை பனியில் மூடிக் கிடப்பது தெரிந்தும் முன்பணம் வாங்கிக்கொண்ட பயண முகவர், பாதி வழியில் வண்டியைத் திருப்பியதோடு பணத்தையும் தரவில்லை. அந்த எரிச்சல் இன்றும் ஆறவில்லை.

போக வேண்டியது கோடையில்தான். ஜூலை 12, பெத்ரோவ்டென் எனும் புனித பேதுரு திருநாள். பிழைக்கப் போன ஆண்கள் அப்போதுதான் ஊர் திரும்புவார்கள் என்பதால் திருமணங்கள் எல்லாம் அந்நாளிலேயே நடந்தன. இன்று ஆண்டுக்கு ஒரு இணையைத் தேர்ந்தெடுத்து, திருநாளை ஒட்டிய வார இறுதியில் அதே முறையில் மணம் முடிக்கிறார்கள். சுர்லா எனும் ஊதுகுழலும் தபான் முரசும் ஒலிக்க, 'டெஷ்கோடோ' ஆட்டம் கால் எடுத்து வைக்கவே தயங்குவதுபோல மெல்லத் தொடங்குகிறது. பிறகு முன்னால் ஆடுபவர் தபானின் மேலேயே ஏறி நிற்கிறார். மணமகனுக்கு ஊரார் முன் முகம் மழிக்கிறார்கள். அதற்கு முன் அவர் இடுகாட்டுக்குப் போய், இறந்த முன்னோரைத் திருமணத்துக்கு அழைத்து வருகிறார்.

எனவே அந்த வார இறுதியில் போங்கள். மவ்ரோவோவில் தங்குவதானால் விடியுமுன் கிளம்பிவிடுங்கள். தாமதமாகப் போன நான், இடுகாட்டிலிருந்து திரும்பி வருபவர்களைத்தான் பார்த்தேன்.