பெங்கால் பூனை வங்காளத்துப் பூனையா? வீட்டில் வளர்க்கலாமா?

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். இது அமெரிக்காவில் உருவான கலப்பினம். ஆசியக் காடுகளில் திரியும் சிறுத்தைப் பூனையின் அறிவியல் பெயரில் 'பெங்காலென்சிஸ்' என்று வரும். அதிலிருந்து வந்த பெயர். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அந்தக் காட்டுப்பூனை உண்டு.

1963-இல் ஜீன் மில் என்ற அமெரிக்கப் பெண்மணி ஒரு சிறுத்தைப் பூனையை வீட்டுப் பூனையோடு இணை சேர்த்தார். பல ஆண்டு இடைவெளிக்குப் பின், பூனை ரத்தப் புற்றுநோய் ஆய்வுக்காகப் பிறந்த கலப்பினப் பெண்பூனைகளைப் பெற்று மீண்டும் தொடங்கினார். அதோடு டெல்லி உயிரியல் பூங்காவில் சுற்றித் திரிந்த புள்ளிப்பூனை ஒன்றையும் கொண்டுபோனார். பெங்கால் ரோமத்தில் வெயில் பட்டால் பொன்தூள் தூவியதுபோல் மின்னுமே, அது இந்த டெல்லிப் பூனையின் சீதனம் என்பார்கள்.

தசைப்பிடிப்பான நீண்ட உடல், சிறுத்தைக்கு இருப்பதுபோல் இரட்டை நிறப் புள்ளிகள், தடித்த வால். முதல் தலைமுறைக் கலப்பில் ஆண்கள் பொதுவாக மலடு. நான்காம் தலைமுறையிலிருந்துதான் வீட்டுப் பூனைக் கணக்கு.

குணம்? மடியில் சுருண்டு தூங்கும் பூனை வேண்டுமென்றால் இது வேண்டாம். அலமாரி உச்சியில் ஏறும், கதவுக் கைப்பிடியைத் தொங்கித் திறக்கும், சொட்டும் குழாயடியில் கையை நீட்டி விளையாடும். போரடித்தால் கத்தியே வீட்டை இரண்டாக்கும். பகல் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குச் சரிப்படாது. மீன்தொட்டி இருந்தால், அப்புறம் மீன் இருக்காது.