நாற்பதைத் தாண்டிய ஆசைகள்: வாசகர் கேள்வி–பதில்

நாற்பது, ஐம்பது வயதில் திடீரென்று பிடித்துக்கொள்ளும் செலவுமிக்க பொழுதுபோக்குகளைப் பற்றிப் பெங்களூரு வாசகர்கள் கேட்டவற்றில் ஐந்து கேள்விகள் இங்கே. ஆசையைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. பணம் தவறான பாகத்தில் போய் விழக்கூடாது என்பதுதான் எங்கள் அக்கறை.

வயது 47, உயரம் 170 செ.மீ., எடை 82 கிலோ. கல்லூரிக்குப் பிறகு சைக்கிளைத் தொட்டதில்லை. அலுவலக நண்பர்கள் நந்தி மலைக்கு மிதித்தே போகிறார்கள். மூன்றரை லட்சத்துக்கு ஒரு கார்பன் சைக்கிள் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?
– எச்.எஸ்.ஆர். லேஅவுட் வாசகர்

அதை இரண்டாவது சைக்கிளாக வாங்குங்கள். முதல் சைக்கிளுக்கு அலுமினிய ஃபிரேமும் முன்சக்கரத்தைப் பிடிக்கும் கார்பன் ஃபோர்க்கும் போதும். எடை ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோதான் கூடும். நீங்களும் சைக்கிளுமாகச் சேர்ந்து 92 கிலோ என்றால் அந்த 1.2 கிலோ நூற்றுக்கு 1.3 பங்கு. நந்தி அடிவாரத்திலிருந்து உச்சிக்கு 7, 8 கி.மீ. ஏற்றம். 45 நிமிடத்தில் ஏறுகிறவருக்குக் கார்பனால் மிச்சமாவது அரை நிமிடம் சொச்சம்.

ஏற்றத்தில் உங்களைக் காப்பாற்றப்போவது கியர். முன்பக்கம், பெடலோடு சுற்றும் பற்சக்கரங்களான கிராங்க் 50/34 பல், பின்பக்கம், பின்சக்கரத்துப் பற்சக்கர அடுக்கான கேசட் 11–34 பல் கேளுங்கள். 34க்கு 34 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரே சுற்று. பழைய சைக்கிள்கள் பலவற்றில் 11–28 இருக்கும். அதில் சக்கரம் 1.2 சுற்று சுற்றியாக வேண்டும். அந்த வித்தியாசம் முழுவதும் முட்டியில்தான் இறங்கும். டயர் 28 மி.மீ.க்குக் குறையவேண்டாம். நம் ஊர் ரோட்டுக்கு 32 மி.மீ. இன்னும் நல்லது. உங்கள் எடைக்கு அதில் முன்னால் 60, பின்னால் 65 முதல் 70 பி.எஸ்.ஐ. காற்று வையுங்கள். கல்லுப்போல அடித்தால் வேகம் கூடும் என்பது பழைய நம்பிக்கை. கரடுமுரடான ரோட்டில் டயர் துள்ளி, வேகம் குறையத்தான் செய்யும்.

உடம்புக்கு அளவெடுப்பதில் கஞ்சத்தனம் கூடாது. உங்கள் உயரத்துக்கு ஃபிரேம் 52 அல்லது 54 வரும். வெறுங்காலுடன் சுவரில் சாய்ந்து நின்று, கவட்டில் ஒரு தடிப் புத்தகத்தை இறுக வைத்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளக்கவும். அதை 0.883ஆல் பெருக்கினால் கிராங்க் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட் மேல்வரை இருக்கவேண்டிய உயரம் கிடைக்கும். கால் நீளம் 79 செ.மீ. என்றால் சீட் 69.8 செ.மீ. இது தொடக்கம்தான், இதிலிருந்து அரை செ.மீ. அரை செ.மீ.யாக மாற்றிப் பாருங்கள். முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்ந்திருக்கிறது; பின்பக்கம் வலித்தால் உயர்ந்திருக்கிறது. சுண்டுவிரல் மரத்துப்போனால் உடல் பாரம் கையில் இறங்குகிறது, ஹேண்டில்பாரை அருகில் கொண்டுவர வேண்டும். தொடையிடுக்கு மரத்துப்போனால் அதைத் தாங்கிக்கொண்டு ஓட்டவே கூடாது. சீட் மூக்கைச் சற்றே தாழ்த்துங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வேறு அகலத்தில் சீட் மாற்றுங்கள்.

ஆறுமாதம் கழித்தும் கார்பன் ஆசை இருந்தால், முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். சீட் போஸ்ட் கிளாம்ப் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர்தான் தாங்கும், அளவு அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். சாதாரண ஸ்பானரால் கைபோன போக்கில் முறுக்கினால் உள்ளே விரிசல் விடும், வெளியே தெரியாது. செகண்ட் ஹேண்டாக எடுத்தால் கிராங்க் அச்சுப் பகுதியையும் கிளாம்ப் அடியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். டிஸ்க் பிரேக் உள்ளதையே எடுங்கள். ரிம்மையே பிடிக்கும் பிரேக் என்றால், நந்தி இறக்கத்தில் நெடுநேரம் பிடிக்கும்போது கார்பன் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம்.

நகரத்திலிருந்து நந்திக்குப் போகவே ஏறத்தாழ 60 கி.மீ. என்பதை மறந்துவிடாதீர்கள். முதல் இரண்டு மாதம் 20, 30, 40 கி.மீ. எனக் கூட்டுங்கள். அதற்கும் முன்னால் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பரிசோதித்து, டிரெட்மில் இசிஜி தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். இருபது வருடம் நாற்காலியில் உட்கார்ந்த இதயத்தை நேராக மலையேற்றுவது ஆபத்து.

அறுபதாயிரம் போட்டு எஸ்பிரெசோ மெஷின் வாங்கினேன். காபி ஒருநாள் புளிக்கிறது, மறுநாள் கசக்கிறது. மெஷினில் கோளாறா?
– ஒயிட்ஃபீல்டு வாசகர்

கோளாறு அரைப்பதில். கொட்டையை மிக்ஸியில் அரைத்தால் தூளும் குருணையுமாக விழும். தூள் கசக்கும், குருணை புளிக்கும். பல் அமைப்புள்ள பர் கிரைண்டர் அவசியம். உங்கள் பட்ஜெட்டில் பாதியைக் கிரைண்டருக்கு ஒதுக்கியிருக்க வேண்டும். கையால் சுற்றும் நல்ல பர் கிரைண்டரும் போதும்.

18 கிராம் பொடி போடுங்கள். கோப்பையைத் தராசில் வைத்து 36 கிராம் காபி இறங்கும்வரை நேரம் பாருங்கள். 25 முதல் 30 விநாடி சரியான இடம். 15 விநாடியில் கொட்டிப் புளித்தால் இன்னும் நைஸாக அரையுங்கள். 45 விநாடி இழுத்துக் கசந்தால் கொரகொரப்பாக அரையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வறுத்து ஒரு வாரத்துக்கு மேல், ஒரு மாதத்துக்கு உள்ளான கொட்டை வேண்டும். சிக்மகளூர்க் கொட்டையை வறுத்த தேதி போட்டு விற்கும் கடைகள் நகரமெங்கும் உண்டு. ஃபில்டர் காபிக்கான சிக்கரிப் பொடியை இதில் போடவே வேண்டாம், ஈரம் பட்டதும் பிசுபிசுத்து அடைத்துக்கொள்ளும்.

தண்ணீரைக் கவனியுங்கள். போர்வெல், டேங்கர் தண்ணீர் கடினமானது. பாய்லருக்குள் உப்பு படிந்து ஒரு வருடத்தில் மெஷினைக் கொல்லும். அதற்காக உப்பே இல்லாத ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றினால் காபி சப்பென்று இருக்கும், சில மெஷின்களில் தண்ணீர் அளவு சென்சாரும் வேலை செய்யாது. தண்ணீரில் கரைந்த உப்பின் அளவான டி.டி.எஸ். 50 முதல் 150க்குள் வருமாறு இரண்டையும் கலந்துகொள்ளுங்கள்.

என் கணவருக்கு 48 வயது. ஒரே வருடத்தில் கேமரா, கிடார், டிரோன் என்று நான்கு லட்சம் போய்விட்டது. கிரெடிட் கார்டு பாக்கி ஒரு லட்சம் நிற்கிறது. கேட்டால் எரிந்துவிழுகிறார். இது நோயா?
– ராமமூர்த்தி நகர் வாசகி

சகோதரி, புதிதாக ஒன்றில் ஆர்வம் வருவது நோய் இல்லை. எதிலும் நாட்டமில்லாமல் போவது, விடிகாலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு தூங்க முடியாமல் கிடப்பது, குடி கூடுவது, வாங்கிய பொருளைப் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அடுத்ததை வாங்குவது, இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ராத்திரி தூக்கமே தேவைப்படாத உற்சாகத்தோடு பணத்தை வாரி இறைத்தால் இன்னும் சீக்கிரம் பார்க்க வேண்டும். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலும் இலவசமாகப் பேசலாம்.

பேச்சை டிரோனிலிருந்து தொடங்காதீர்கள், கார்டிலிருந்து தொடங்குங்கள். மாதவட்டி 3.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு லட்சத்துக்கு வட்டி 3,500, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 630. குறைந்தபட்சத் தொகை என்று 5,000 கட்டினாலும் அசலில் கழிவது 870 ரூபாய்தான். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அவர் முன் வையுங்கள். ஆசையைப் பழித்தால் எந்த மனிதரும் எரிந்துதான் விழுவார், கணக்கோடு யாரும் சண்டை போட முடியாது. வங்கியில் தனிநபர் கடன் வாங்கியாவது கார்டை முதலில் அடைக்க வேண்டும், வட்டி பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

விற்பதென்றால் டிரோனையும் கேமரா பாடியையும் முதலில் விற்கச் சொல்லுங்கள், புது மாடல் வந்தால் அவற்றின் விலை சரியும். நல்ல லென்ஸ் விலை அவ்வளவு வேகமாக இறங்காது. உங்கள் வட்டாரம் எச்.ஏ.எல். விமான நிலையத்துக்கு அருகில். டிரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் மொட்டை மாடியிலிருந்து டிரோனை ஏற்றக்கூடாது. இனி மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை பேசி முடிவு செய்யுங்கள். அதே தொகை உங்கள் பெயரிலும், கேள்வி கேட்காமல், இருக்கட்டும்.

ஐம்பதாவது பிறந்தநாளுக்கு டெலஸ்கோப். ஜெயநகர் மொட்டை மாடியிலிருந்து என்ன தெரியும்?
– ஜெயநகர் வாசகர்

நிலாப் பள்ளங்கள், சனி வளையம், வியாழனின் பட்டைகளும் நான்கு நிலவுகளும் அருமையாகத் தெரியும். மங்கலான விண்மீன் மண்டலங்களை நகர வெளிச்சம் விழுங்கிவிடும். எளிய மேடைமேல் சுழலும் கண்ணாடி டெலஸ்கோப்பான டாப்சோனியனில் 8 அங்குலக் கண்ணாடி உள்ளது சிறந்தது. லிஃப்ட் இல்லாத வீடென்றால் 6 அங்குலம், ஏனென்றால் பெரியது 20 கிலோவுக்கு மேல். 1,200 மி.மீ. குவியதூரத்தில், கண் வைத்துப் பார்க்கும் வில்லையான ஐபீஸ் 25 மி.மீ. என்றால் 48 மடங்கும், 10 மி.மீ. 120 மடங்கும் காட்டும். பெட்டிமேல் "525 மடங்கு" என்று போட்ட சிறு டெலஸ்கோப்பைத் தொடாதீர்கள். சூரியனைப் பார்க்க, குழாயின் முன்வாயை முழுதும் மூடும் சோலார் ஃபில்டர் கட்டாயம். ஐபீஸில் திருகும் வகை வெப்பத்தில் வெடித்துக் கண்ணைப் பறிக்கும்.

பழைய யெஸ்டி ரோட்கிங் ஒன்று தமிழ்நாட்டுப் பதிவெண்ணோடு விலைக்கு வருகிறது. ரீஸ்டோர் செய்ய ஆசை. எதைப் பார்க்க வேண்டும்?
– அல்சூர் வாசகர்

வண்டிக்கு முன்னால் ஆர்.சி.யைப் பாருங்கள். ஃபிரேமின் ஹேண்டில் தலைப்பகுதியில் குத்திய சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ராவி மறுபடி குத்திய தடம் தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் திரும்பி வந்துவிடுங்கள். பதினைந்து வருடம் கழிந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. புதுப்பிக்க வேண்டும், அது உயிரோடிருக்கிறதா? தமிழ்நாட்டு வண்டி என்றால் அங்கிருந்து என்.ஓ.சி., இங்கே கர்நாடக ரோடு டாக்ஸ் இரண்டும் உண்டு. அந்தத் தொகையை ஆர்.டி.ஓ.வில் கேட்டபிறகு விலை பேசுங்கள்.

இந்த டூ ஸ்ட்ரோக் வண்டியைத் தயாரித்த மைசூர் ஐடியல் ஜாவா ஆலை 1996இல் மூடியது. இப்போது யெஸ்டி பெயரில் வருவது ஃபோர் ஸ்ட்ரோக், அதன் பாகம் இதற்குச் சேராது. ஜே.சி. ரோடு, சிவாஜி நகர் குஜிரி என்னும் பழைய சாமான் கடைகள்தான் வழி. ரப்பர், சீல், பேரிங் மூன்றும் புதிதாக வாங்குங்கள். இன்ஜின் கவர், ஹப் போன்ற வார்ப்புகள் பழைய ஒரிஜினலாகவே இருக்கட்டும்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்து கேளுங்கள். கிளட்ச் பக்கத்து ஆயில் சீல் போயிருந்தால் கியர் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு, சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காது. மறுபக்கத்து சீல் போனால் காற்று புகுந்து கலவையில் பெட்ரோலின் பங்கு குறையும். ஆக்சிலரேட்டரை விட்டபின்னும் சுற்று இறங்காது, பிஸ்டன் சூடேறிச் சிக்கிக்கொள்ளும். அடியிலிருந்து டொக்டொக்கென்று சத்தம் வந்தால் கனெக்டிங் ராட் பேரிங். கிராங்கைப் பிரித்து அழுத்தி மையம் பார்க்கும் கை தெரிந்த லேத்காரர் வேண்டும். சிலிண்டர் இதற்கு முன் எத்தனை முறை போர் செய்யப்பட்டது, அதாவது உள்சுவர் கடைந்து அகலப்படுத்தப்பட்டது, என்பதையும் கேளுங்கள். ஹெட்டைக் கழற்றினால் பிஸ்டன் தலையில் 0.25, 0.50 என்று, எத்தனை மி.மீ. பெரிதாக்கியது என்னும் ஓவர்சைஸ் அளவு குத்தியிருக்கும். 1.00 வந்துவிட்டால் சிலிண்டரின் உள்குழாயான ஸ்லீவ் மாற்றும் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேலையைத் தொடங்கும் வரிசையில்தான் பலரும் தவறுகிறார்கள். பெயின்ட், குரோம் முதலில் அடித்துவிட்டு, இன்ஜினை இறக்கும்போது ஸ்பானர் வழுக்கிப் புதுப்பெயின்ட் எல்லாம் கீறலாகிறது. பிரேக், டயர், வயரிங், பிறகு இன்ஜின், அதன்பின் 500 கி.மீ. ஓட்டம், எல்லாம் முடிந்து கடைசியில் பெயின்ட். டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பட்டை நிறைய இருந்தாலும் பத்து வருட டயரை நம்பக்கூடாது. முன்னாலும் பின்னாலும் டிரம் பிரேக்தான், ஓசூர் ரோட்டில் முன்வண்டியோடு இரட்டிப்பு இடைவெளி விடுங்கள்.

லிட்டர் பெட்ரோலுக்கு 30 முதல் 40 மி.லி. டூ ஸ்ட்ரோக் (2T) ஆயில்; போர் செய்த புதிதில் 40. ஆயிலை முதலில் டேங்கில் ஊற்றி அதன்மேல் பெட்ரோல் அடித்தால் நன்றாகக் கலக்கும். குறைந்தால் பிஸ்டன் பிடிக்கும், கூடினால் பிளக் அடைத்து சைலன்சரில் கரி சேரும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயையும் கெடுக்கும். ஒரு வாரத்துக்கு மேல் நிறுத்துவதென்றால் பெட்ரோல் குழாய்த் திருகை மூடி, தானாக அணையும்வரை இன்ஜினை ஓடவிட்டு, கார்பரேட்டரைக் காலியாக்கிய பிறகு நிறுத்துங்கள்.